ஆயிரம் ரூபாயில் ஓர் ஒலிப்பதிவு அறை

கண்ணால் படிப்போருக்குப் புத்தகம் தாளில் இருக்கிறது. காதால் படிப்போருக்கோ அது காற்றில் இருக்கிறது. தாளில் மை கொட்டினால் எழுத்து மறையும்; காற்றில் முழக்கம் கலந்தால் சொல் மறையும். புத்தகத்தைக் கறைபடாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நமக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித் தருகிறார்கள். குரலைக் கறைபடாமல் பதிவு செய்வது எப்படி என்பதை இவ்வாண்டு நான் கற்றுக்கொண்டேன். அதைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் பெரியம்மாவின் மகள் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வரலாறு பயில்கிறார். நான் அவரை அக்கா என்றே அழைப்பேன். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பிரெயில் எழுத்தை விரல் நுனியில் வைத்திருப்பவர். ஆனால் கல்லூரிப் பாடநூல்களில் பிரெயிலில் கிடைப்பவை மிகச் சில. கணினி படித்துக் காட்டும் வசதி இருக்கிறது. எனினும் மங்கிய பழைய அச்சும், பேராசிரியர் தரும் கையெழுத்துக் குறிப்பும் வந்துவிட்டால் அது தடுமாறுகிறது. ஆகவே சென்ற கோடை விடுமுறையில் அக்கா என்னிடம், "கண்ணு, நீ வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பு. உன் வாசிப்பு எனக்குப் பழகியது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றே வாசிக்கத் தொடங்கினேன்.

இவ்வாறு வாசித்துத் தருவதற்குச் சட்டமும் இடம் கொடுக்கிறது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 2012-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக ஒரு நூலை அவர்களுக்கேற்ற வடிவில் ஆக்கித் தருவதை அனுமதிக்கிறது. இதே நோக்கத்துடன் 2013-இல் மராக்கேசு நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதை 2014-இல் முதன்முதலாக ஏற்று உறுதிசெய்த நாடு நம் இந்தியா.

முதல் பாடத்தை அனுப்பிய மறுநாள் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. பண்டைத் தமிழகத்தின் கடல் வாணிபம் பற்றிய பாடம் அது. "கண்ணு, ஓரிடத்தில் கடல் வழி என்று வாசித்தாயா, கடல் வளி என்று வாசித்தாயா? இரண்டுக்குமே பொருள் வருகிறது. கப்பல் போகும் பாதை என்றும் கொள்ளலாம், பருவக்காற்று என்றும் கொள்ளலாம். நான்கு முறை திருப்பிக் கேட்டும் தெரியவில்லை" என்றார். நூலில் இருந்தது 'வழி'. நான் வாசித்ததும் 'வழி'தான். பின் எங்கே போயிற்று ழகரம்? அக்காவே விடை சொன்னார்: "உன் உச்சரிப்பில் குறை இல்லை. நீ பேசும்போது உன் அறையும் கூடவே குறுக்கே பேசுகிறது. கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல் இருக்கிறது."

அக்கா பாடங்களை இரு மடங்கு வேகத்தில் ஓட விட்டுக் கேட்பவர். ஆண்டுக்கணக்காகப் பழகிய காது அது. எங்களுக்கு வெறும் இரைச்சலாகத் தோன்றும் வேகத்தில் அவர் பொருளையும் உணர்ந்து குறிப்பும் எடுத்துவிடுவார். ஆனால் என் பதிவை மட்டும் சாதாரண வேகத்திலும் குறைத்தே கேட்க வேண்டியிருந்தது. ஐப்பசி கழிந்ததும் பருவத் தேர்வு. முந்நூறு பக்கப் புத்தகம். அவர் தோழிகள் கண்ணால் ஒரு மணி நேரத்தில் படிப்பதை, என் அறையின் முழக்கத்தால் அவர் மூன்று மணி நேரம் கேட்க வேண்டுமா? இது நியாயமா? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

நாங்கள் திருப்பூரில் ஒரு வாடகை வீட்டில் வசிக்கிறோம். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் வாசித்த அறை பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். சுண்ணாம்பு அடித்த சுவர், சிமெண்டுத் தரை, கான்கிரீட்டுக் கூரை, ஓர் இரும்புப் பீரோ, அவ்வளவுதான். கை தட்டினால் 'டர்ர்ர்' என்று ஓர் ஓசை சிறிது நேரம் நின்று மறையும். அம்மாவிடம் நிலைமையைச் சொன்னேன். "செய், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆயிரம் ரூபாய் தருகிறேன். அதற்கு மேல் ஒரு பைசா கேட்கக் கூடாது" என்றார். வீட்டுக்கார அம்மாவோ, "என்ன வேண்டுமானாலும் செய்யுங்க, சுவரில் ஆணி மட்டும் அடிக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டார். ஆயிரம் ரூபாயும் ஆணி அடிக்காத சுவரும் எனக்குக் கிடைத்த எல்லைகள்.

செலவு செய்யும் முன் காரணத்தை அறிய வேண்டும் அல்லவா? எங்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'ஒலியியல்' என்று ஒரு பாடம் உண்டு. எதிரொலி தனியாகக் கேட்க வேண்டுமானால் சுவர் குறைந்தது 17.2 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும் என்று அதில் படித்திருக்கிறோம். என் அறையின் சுவரோ மூன்று மீட்டர் தொலைவில். ஆகவே எதிரொலி தனியாகக் கேட்க வழியில்லை. அப்படியானால் அக்காவின் காதைத் தொல்லை செய்தது எது? அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் கேட்டேன். அவர்கள் புன்னகைத்து, "அதன் பெயர் எதிர்முழக்கம். எதிரொலிகள் ஆயிரக்கணக்கில் நெருங்கி வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுவது" என்று விளக்கினார்கள்.

ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 346 மீட்டர் ஓடுகிறது. பத்தடி அறைக்குள் அடைபட்ட ஒலி ஒரு விநாடிக்குள் நூறு முறைக்கு மேல் சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதுகிறது. வழவழப்பான பூச்சுச் சுவர் ஒவ்வொரு மோதலிலும் அதிலிருந்து நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. மீதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நான் விநாடிக்கு நான்கைந்து அசைகள் வாசிக்கிறேன். முன் சொன்ன அசையின் வால் அடங்கும் முன்பே அடுத்த அசை பிறக்கிறது. உயிரெழுத்தின் ஓசை வலியது. மெய்யெழுத்தின் ஓசை மெலியது. வலியதன் வால் மெலியதன் தலையை மூடிவிடுகிறது. ழகரம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை இதுவே.

இந்தத் துறைக்கு வழிகாட்டியவரைப் பற்றியும் அருட்சகோதரி சொன்னார்கள். அவர் பெயர் வாலஸ் கிளெமென்ட் சபைன். அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த இளம் ஆசிரியர். 1895-ஆம் ஆண்டு அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் சொன்னால் ஐந்தரை விநாடி வரை அது மண்டபத்தில் நின்றதாம்! அதைச் சரிசெய்யும் பொறுப்பைச் சபைனிடம் ஒப்படைத்தனர். அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகச் சுமந்து வந்து மண்டபத்தில் பரப்புவார். ஓர் ஆர்கன் குழலை ஒலித்து நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று குறிப்பார். மெத்தைகளைக் கூட்டுவார், மீண்டும் குறிப்பார். விடியும் முன் அவற்றைத் திருப்பி வைத்துவிடுவார்கள். தெருவின் ஓசை ஓய்ந்திருக்கும் நள்ளிரவுக்குப் பிறகே இந்தச் சோதனை நடக்கும். இப்படிச் சில ஆண்டுகள் பாடுபட்டு அவர் கண்டது ஒரே வரியில் எழுதக்கூடிய ஒரு சூத்திரம். 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் அவருடைய கணக்கின் துணையோடு கட்டப்பட்டது. இன்றும் அது உலகின் சிறந்த இசை மண்டபங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

அந்தச் சூத்திரம் நம் கணக்குப் பாடத்தைவிட எளிது. அறையின் கன அளவைக் கன அடியில் எடுத்துக்கொண்டு 0.049-ஆல் பெருக்க வேண்டும். அதை அறையில் உள்ள உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி பத்து இலட்சத்தில் ஒரு பங்காகத் தேய எத்தனை விநாடி ஆகும் என்பது கிடைக்கும். என் அறையின் கன அளவு 1,000 கன அடி; 0.049-ஆல் பெருக்க 49. ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 600 சதுர அடி. நூற்றுக்கு மூன்று பங்கு உறிஞ்சும் என்று கொண்டால் உறிஞ்சும் பரப்பு 18 சதுர அடி. 49-ஐ 18-ஆல் வகுத்தால் 2.7 விநாடி. நான் விநாடிக்கு நான்கைந்து அசைகள் வாசிக்கும்போது, வெற்றறையில் ஓர் அசையின் வால் பத்து அசைகளுக்கு மேல் தொடர்ந்து வரும்! உறிஞ்சும் பரப்பை 100 சதுர அடிக்கு உயர்த்தினால் அது அரை விநாடியாகக் குறைந்துவிடும். எனக்கு வேண்டியது ஏறத்தாழ 80 சதுர அடி உறிஞ்சும் பரப்பு. அதை ஆயிரம் ரூபாயில் எப்படி வாங்குவது?

அறிவுரைகள் பல வந்தன. அப்பாவின் நண்பர் ஒருவர், "முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டிவிடுங்க" என்றார். இன்னொருவர் தெர்மோகோல் என்றார். பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் கண்ணாடி நாரும் பாறை நாரும் வைத்து அடைக்கிறார்கள். அவை நல்லவைதாம், ஆனால் எங்கள் பணத்திற்கு எட்டாதவை, உறையின்றித் தொட்டால் தோலை அரிப்பவை. எதையும் வாங்கும் முன் சோதிப்பது என்று அப்பாவும் நானும் முடிவு செய்தோம். மளிகைக் கடையில் பன்னிரண்டு முட்டை அட்டைகளை இரவல் வாங்கி, கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டுக் கை தட்டினோம். 'டர்ர்ர்' ஓசையில் மாற்றமே தெரியவில்லை. அட்டைகளை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

காரணம் இதுதான். ஒலியை உறிஞ்சும் பொருளுக்குள் காற்று நுழைய வேண்டும். நுழைந்த காற்று நூலிழைகளுக்கிடையே உராய்ந்து உராய்ந்து தன் ஆற்றலை இழந்து மிகச் சிறு வெப்பமாக மாறிவிடும். தெர்மோகோலின் நுண்ணறைகள் மூடியவை. காற்று உள்ளே போகாது. முட்டை அட்டையோ மிக மெல்லியது. பள்ளமும் மேடுமாக இருப்பதால் உறிஞ்சிவிடாது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பொருளை வாயருகே வைத்து ஊதுங்கள். காற்று சிறிது தடைப்பட்டு, ஆனாலும் மறுபக்கம் வந்தால் அது ஒலியை உறிஞ்சும். வராவிட்டால் அதிகம் உறிஞ்சாது. தங்கு தடையின்றி வந்துவிட்டாலும் பயனில்லை.

அன்று மாலை அப்பா கம்பெனியிலிருந்து வந்த சட்டையை உதறியபோது வெள்ளைப் பஞ்சு பறந்தது. எங்கள் ஊரில் எங்கு திரும்பினாலும் கிடைப்பது பனியன் வேஸ்ட் அல்லவா? துணி வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளை மூட்டை மூட்டையாக எடைக்கு விற்கிறார்கள். ஒரு கைப்பிடித் துண்டுகளைச் சுருட்டி வாயருகே வைத்து ஊதினேன். காற்று தயங்கித் தயங்கி வந்தது. "அப்பா, இதுதானுங்க!" என்று கூவிவிட்டேன். பழைய ஜீன்ஸ் துணியைப் பஞ்சாக்கி அமெரிக்காவில் சுவருக்குள் வைக்கும் பாளம் செய்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். தேடிய பொருள் எங்கள் தெருவிலேயே மூட்டையாகக் கிடந்தது!

எவ்வளவு தடிமன் வேண்டும் என்பது அடுத்த கேள்வி. சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுத் துகள் அசைய முடியாது. சுவரிலிருந்து அலைநீளத்தில் கால் பங்கு விலகிய இடத்தில்தான் அது மிக வேகமாக அசைகிறது. உறிஞ்சும் துணி அங்கே இருந்தால்தான் முழுப் பயன். பேச்சுக்குத் தெளிவு தரும் ஒலிகள் பெரும்பாலும் 500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ளவை. 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு ஏழு அங்குலம். ஏழு அங்குலத் தடிமனுக்குத் துணி அடைத்தால் பணம் போதாது. ஆனால் நான்கு அங்குலத் துணியைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிறுத்தினால் கணக்கு சரியாகிவிடுகிறது. இடையிலுள்ள காற்றுக்கு விலை இல்லை! மெல்லிய திரைச்சீலை மட்டும் தொங்கவிட்டால் 'ஸ்', 'ஷ்' போன்ற கூரிய ஓசைகள் மட்டும் குறையும். தாழ்ந்த ஓசை அப்படியே நின்று குரல் மந்தமாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினோம். கம்பெனியில் கழித்துவிட்ட பேலட் பலகைகளை விறகு விலைக்கு அப்பா வாங்கி வந்தார், 250 ரூபாய். அவற்றை அறுத்து நான்கடிக்கு இரண்டடியாக, நான்கு அங்குல ஆழத்தில் எட்டு மரச்சட்டங்கள் அடித்தார். ஆணிக்கு 50 ரூபாய். பனியன் வேஸ்ட் கிலோ 15 ரூபாய் வீதம் 40 கிலோ; 600 ரூபாய். நைலான் கயிறு 100 ரூபாய். ஆகக் கூடுதல் ஆயிரம். உறைக்கு அம்மாவின் பழைய பருத்திச் சேலைகள், அவற்றுக்குச் செலவில்லை. துண்டுத் துணிகளை இரண்டு நாள் மொட்டை மாடியில் நல்ல வெயிலில் உலர்த்தி உதறினோம். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். தூசி இருந்தால் வாசிப்பவருக்கு இருமல் வரும். ஒரு சட்டத்திற்கு ஐந்து கிலோ வீதம், அமுக்காமல் உதிரியாக நிரப்பினோம். அழுத்தித் திணித்தால் காற்று நுழையாது. துணி அடியில் சரிந்துவிடாமல் இருக்கக் குறுக்கே கயிறு பின்னினோம். காய்ந்த வேப்பிலையும் கொஞ்சம் போட்டு அம்மா சேலையை இழுத்துத் தைத்தார். தம்பி அவற்றுக்கு 'மெத்தைச் சட்டம்' என்று பெயர் சூட்டினான்.

எங்கே நிறுத்துவது? ஒளி எதிரொளிக்கும் விதியும் ஒலி எதிரொலிக்கும் விதியும் ஒன்றே. படுகோணமும் மீள்கோணமும் சமம். ஆகவே வாசிக்கும் இடத்தில் நான் அமர்ந்தேன். கைப்பேசி எதிரே மேசைமேல் இருந்தது. தம்பி முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சுவரோடு சுவராக நகர்த்திக்கொண்டே போனான். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் கைப்பேசி எனக்குத் தெரிந்ததோ, அந்த இடத்தில் பட்டுத்தான் என் குரல் கைப்பேசிக்குத் திரும்பிப் போகிறது. அங்கே ஒரு சட்டம். இவ்வாறு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, என் முதுகுக்குப் பின்னால் இரண்டு, கைப்பேசிக்குப் பின்னால் இரண்டு என நிறுத்தினோம். செங்கல்மேல் நிறுத்திக் கயிற்றால் சன்னல் கம்பியோடும் கட்டில் காலோடும் கட்டிவிட்டதால் சுவருக்கு ஓர் ஆணியும் தேவைப்படவில்லை. மீதி இரண்டு சட்டங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓரமாகச் சாய்த்து வைத்தோம்.

அந்த வாரம் அக்கா விடுமுறைக்கு வந்தார். அறை வாசலில் நின்று நாக்கால் 'டக்' என்று ஓர் ஓசை எழுப்பினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டடி நடந்து மறுபடியும் 'டக்'. பிறகு, "கண்ணு, இந்தப் பக்கம் இரும்பு ஏதோ இருக்கிறது, அது தனியாக முனகுகிறது" என்றார். பீரோ! "அந்த மூலையில் தாழ்ந்த ஓசை தங்குகிறது. தலைக்கு மேலே வெறும் கூரை. அங்கிருந்து எல்லாம் கீழே கொட்டுகிறது." கண்ணுள்ள நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் கண்ணாடி வைத்துத் தேடியதை அவர் ஒரு சொடுக்கில் கண்டுவிட்டார். இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப் பீரோவின் முன் சாய்த்தோம். ஒரு சட்டத்தை அக்கா சொன்ன மூலையில் குறுக்காக நிறுத்தினோம். இன்னொன்றைக் கூரையிலிருந்த தொட்டில் கொக்கியில் நான்கு முனையும் கட்டித் தொங்கவிட்டோம். தம்பி குழந்தையாய் ஆடிய தொட்டிலைத் தாங்கிய கொக்கி அது. தரையில் பாட்டியின் பவானி ஜமுக்காளம் விரிந்தது. அக்கா மீண்டும் 'டக்' என்றார். சற்று நின்று, "இப்போது அறை வாயை மூடிக்கொண்டது" என்று சிரித்தார்.

கணக்கும் அதையே சொல்லிற்று. எட்டுச் சட்டங்களின் பரப்பு 64 சதுர அடி. ஐந்தில் நான்கு பங்கு உறிஞ்சும் என்று கொண்டால் 51. மெத்தை 12. ஜமுக்காளம், கொடியில் தொங்கும் துணிகள், நான் ஆகியவை சேர்ந்து 15. வெறும் அறையின் 18-ஐயும் கூட்ட 96 சதுர அடி. 49-ஐ அதனால் வகுத்தால் அரை விநாடி.

ஒன்றை மறவாமல் சொல்ல வேண்டும். மெத்தைச் சட்டம் அறைக்குள் பிறக்கும் ஓசையை அடக்கும். வெளியிலிருந்து வரும் ஓசையைத் தடுக்காது. தடுப்பதற்குக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். அது ஆயிரம் ரூபாய் வேலை அன்று. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீதி தள்ளி நிட்டிங் இயந்திரங்கள் ஓடுகின்றன. வீதியில் மொபெட்டுகளும், ஒலிபெருக்கி கட்டிய காய்கறி வண்டியும் வந்தவண்ணம் இருக்கும். கதவின் அடி இடைவெளியில் மிஞ்சிய பனியன் வேஸ்ட்டைச் சேலைத் துணியில் பாம்பு போல் உருட்டித் தைத்து வைத்தேன். அதற்கு மேல் நான் செய்தது சபைன் செய்ததே. ஊர் அடங்கிய நேரத்தைத் தேர்ந்துகொண்டேன். காலை நாலரைக்கு எழுந்து ஐந்தே முக்கால் வரை வாசிப்பேன். அப்போது பால்காரர் மணி அடித்தால் பதிவு முடிந்தது என்று பொருள். மின்விசிறியை நிறுத்திவிடுவதால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து மூச்சு வாங்குவேன். கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், நேர் எதிரே இல்லாமல் சிறிது பக்கவாட்டில், மடித்த துண்டின்மேல் வைக்கிறேன். அருகில் வைப்பதால் குரல் பெரிதாகவும் அறை சிறிதாகவும் பதிகிறது. பக்கவாட்டில் வைப்பதால் பகரம் வரும்போது மூச்சு மோதுவதில்லை.

இன்னோர் எச்சரிக்கை. பஞ்சும் துணியும் எளிதில் தீப்பற்றுபவை. அந்த அறையில் மெழுகுவத்தி, கொசுவத்திச் சுருள், ஊதுவத்தி எதுவும் கூடாது. மின் பொத்தான் பலகைக்கு அருகே எந்தச் சட்டத்தையும் நிறுத்தக் கூடாது. இதில் அப்பா மிகவும் கண்டிப்பாக இருக்கிறார். பஞ்சுத் தீயின் வேகம் எங்கள் ஊர்க்காரர் எவருக்கும் தெரியும்.

முழக்கம் எல்லா இடத்திலும் பகை என்று எண்ணிவிடக் கூடாது. நம் பள்ளி ஆலயத்தில் பாடற்குழு பாடும்போது ஒரு சுரம் மறைவதற்குள் அடுத்த சுரம் வந்து தழுவிக்கொள்கிறதே, அந்த இனிமையைத் தருவது இதே எதிர்முழக்கம்தான். ஆனால் அதே ஆலயத்தில் வாசகம் வாசிப்பவர் நிறுத்தி நிதானமாக வாசிக்கிறார்; வேகமாக வாசித்தால் கடைசி வரிசையில் இருப்போருக்கு விளங்காது. பாட்டுக்கு நீளும் வால் அழகு; பேச்சுக்குக் குறுகிய வால் அழகு. இடத்துக்கு ஏற்ப, செயலுக்கு ஏற்ப அளவறிந்து அமைப்பதே அறிவு.

புதிய அறையில் பதிவு செய்த முதல் பாடம் அக்காவுக்குச் சென்றது. அன்று மாலையே குறுஞ்செய்தி வந்தது: "இரு மடங்கு வேகத்தில் கேட்டேன். ஒருமுறைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. உன் ழகரம் வந்து சேர்ந்தது." தேர்வுக்குப் பத்து நாட்கள் இருக்கும்போதே முந்நூறு பக்கங்களும் முடிந்துவிட்டன. அக்கா தம் கேட்புப் புத்தகத்தைத் தம் விடுதியில் உள்ள பார்வையற்ற மற்ற மாணவியருக்கும் கொடுத்திருக்கிறார். அவர்களில் ஒருவர், புவியியல் நூல் ஒன்றை வாசித்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். தற்போது அது நடந்துகொண்டிருக்கிறது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் எனக்கும் நன்றாக மனப்பாடம் ஆகிவிட்டன!

தோழியரே! நம் ஊரில் நல்ல குரலுக்குப் பஞ்சம் இல்லை. பனியன் வேஸ்ட்டுக்கும் பஞ்சம் இல்லை. பிறருக்கு வாசித்துத் தருவது இரக்கம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு மாணவி இன்னொரு மாணவிக்குத் தன் குறிப்பேட்டை இரவல் தருவது போன்றதே இது. இரவல் தரும் குறிப்பேட்டை அழகிய கையெழுத்தில், கறையின்றித் தர வேண்டும் என்று நாம் விரும்புவோம் அல்லவா? குரலால் எழுதும் குறிப்பேட்டுக்கும் அது பொருந்தும். உங்கள் வீட்டில் ஒரு மூலை, பழைய மெத்தை, இரண்டு கம்பளி, காலையில் ஒரு மணி நேரம். தொடங்குவதற்கு இவை போதும். யாருக்கு வாசிக்கிறீர்களோ அவரையே அழைத்து அறையில் நிறுத்தி, எங்கே ஓசை தங்குகிறது என்று கேளுங்கள். எந்த நூலும் சொல்லாததை அவர் காது சொல்லும்.